மேலே ஒரு காற்றுவழி, கீழே ஒரு காற்றுவழி

எங்கள் வீட்டில் அறையைச் சூடாக்குகிற கணப்படுப்பில் காற்று உள்ளே போக இரண்டு வழிகள். கதவுக்கு மேலே இடமும் வலமும் நகர்த்துகிற ஒரு லிவர். கீழே, சாம்பல் தட்டு இருக்கிற சின்னக் கதவில், திருகித் திறக்கிற ஒரு வட்டத் தகடு. இங்கிலாந்தில் இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது அடுப்பும் சேர்ந்தே வந்தது. விறகும் எரிக்கலாம், புகையில்லாக் கரியும் (புகை அதிகம் விடாத நிலக்கரி வகை) எரிக்கலாம் என்ற வகை. அதற்கான கையேடு மட்டும் வரவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க அந்த இரண்டையும் காஸ் அடுப்பின் திருகு மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தோம். திறந்தால் தீ பெரிதாகும், மூடினால் சின்னதாகும், நன்றாக மூடிவைத்தால் விறகு மிச்சம்.

அதில் ஒரு தடை இருந்தது. மேல் லிவரை ஒரு அளவுக்கு மேல் மூட முடியவில்லை. குனிந்து பார்த்தால், லிவர் ஓடுகிற பள்ளத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ குறுக்கே நின்றது. "யாரோ தெரியாமல் போட்டிருக்கான்," என்று என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து கழற்றிவிட்டார். நானும் டார்ச் பிடித்தேன், அதனால் பழியை அவர்மீது மட்டும் போட முடியாது.

எனக்கு வேறு, நெருப்பு தெரியும் என்ற நினைப்பு. பாட்டி வீட்டு விறகடுப்பில் ஊதுகுழலோடு உட்கார்ந்து கண் எரிய வளர்ந்தவள். ஆனால் அந்த அடுப்புக்குக் கதவு கிடையாது. அங்கே நாம் காற்றைச் சேர்த்தோமே தவிர, ஒருநாளும் குறைத்ததில்லை. இங்கே தீயை ஒரு பெட்டிக்குள் பூட்டிவைத்து, மூச்சை நாம் அளந்து கொடுக்கிறோம். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆயிற்று.

முதலில் கதவுக் கண்ணாடி பழுப்பானது, அப்புறம் கறுத்தது. ஜனவரியில் தீ எரிகிறதா அணைந்துவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறக்கவேண்டிய நிலைமை. ஒருநாள் இரவு நான்கு பெரிய கட்டைகளை அடுக்கி, மேலும் கீழும் இறுக்கி மூடிவிட்டுப் படுக்கத் தயாரானோம். கால் மணி நேரம் கழித்து, இன்னும் எரிகிறதா என்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். உள்ளே தீயே இல்லை. மஞ்சள் கலந்த கெட்டியான புகை மட்டும் சுருண்டுகொண்டிருந்தது. ஒரு நொடி. பிறகு குப்பென்று ஒரு சத்தம், வாசல் முழுக்கத் தீ, என் முன்மயிர் பொசுங்கிய நாற்றம். முகம் தப்பியது அதிர்ஷ்டம்.

ஏப்ரலில் சிம்னி சுத்தம் செய்பவர் வந்தார். பிரஷ்ஷை மேலே செலுத்தி இறக்கியபின், கீழே விழுந்ததில் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். காய்ந்த கரித்தூளாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது தார் போலப் பளபளவென்று, கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்தது. "இது சிம்னிக்குள் தீப்பிடித்தால் என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அடுத்ததாக லிவர் பக்கம் குனிந்து, "இங்கே ஒரு ஸ்க்ரூ இருந்திருக்கணுமே?" என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் செய்து காட்டியதைத்தான் இதில் முக்கியமாகச் சொல்லவேண்டும். ஒரு மெழுகுவத்தி கேட்டார். ஏற்றினார், ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும்பியது. தீக்குச்சியைக் கிழித்து, திரியைத் தொடாமல், இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டினார். தீ புகை வழியாகவே சறுக்கி இறங்கித் திரியைப் பற்றிக்கொண்டது. "விறகிலும் இதேதான். நீங்கள் பார்க்கிற தீ கட்டையில் இல்லை, கட்டையிலிருந்து வருகிற புகையில்."

காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல், சூடானதும் வாயுவாகக் கிளம்பிவிடும். மிச்சம்தான் தணலாக எரிகிற கரி. அந்த வாயு எரிவது கட்டைக்கு மேலே, அடுப்பின் நடுவிலும் உச்சியிலும். அதனால் காற்றும் அங்கேதான் வேண்டும். மேல் லிவர் விடுகிற காற்று, சூடாகி, கண்ணாடியின் உட்பக்கமாகத் திரை போல வழிந்து இறங்கி அந்த வாயுவோடு கலக்கிறது. கண்ணாடியில் கரி ஒட்டாமல் காப்பதும் அதே காற்றுதான். அதை மூடினால் தீ குறையும், உண்மை. ஆனால் கட்டை சூடாகவே இருப்பதால் வாயு கிளம்புவது நிற்காது. எரியாத வாயு எங்கே போகும்? பாதி கண்ணாடியிலும் சிம்னியிலும் தாராக ஒட்டும், மீதி தெருவுக்குப் புகையாகப் போகும். நாங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த விறகெல்லாம் சிம்னிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் குப்பென்று பிடித்ததும் அதே வாயு. காத்துக் கிடந்த இடத்துக்கு நான் காற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புகையில்லாக் கரியின் கதை நேர்மாறு. அதிலிருந்து அப்படிக் கிளம்ப வாயு அதிகம் கிடையாது. புகையில்லாமல் எரிவதே அதனால்தான். அந்தக் கரி தன் மேற்பரப்பிலேயே, தணலாகத்தான் எரியும். அதற்குக் காற்று அடியிலிருந்து, கரி கிடக்கிற கம்பித்தட்டின் இடைவெளி வழியாக, கரிக்குவியலின் ஊடாக ஏறவேண்டும். மேலிருந்து எவ்வளவு காற்று விட்டாலும் அது சிணுங்கிக்கொண்டுதான் கிடக்கும்.

ஆக, விறகுக்கு மேல் காற்று, கரிக்குக் கீழ் காற்று. இரண்டும் ஒரே தீயின் 'அதிகம், குறைவு' அல்ல. இரண்டு வேறு வகைத் தீ. அன்று சமையலறை இழுப்பறையில் பழைய சாவிகளோடு கிடந்த ஸ்க்ரூ திரும்பவும் தன் இடத்துக்குப் போனது.

இப்போது விறகு எரிக்கிற நாளில் நான் செய்வது இது. கம்பித்தட்டில் முந்தின நாள் சாம்பலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அப்படியே விட்டுவைப்பேன். விறகுத் தணலுக்கு அது மெத்தை மாதிரி, சூட்டைப் பிடித்து வைக்கும். இரண்டு நடுத்தரக் கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளிகளை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தீப்பற்றும் துண்டை உச்சியில் வைப்பேன். மேலிருந்து கீழாக எரிய விடுவது முதலில் எனக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. ஆனால் சிம்னி உடனே சூடாகி இழுக்க ஆரம்பிக்கிறது. கீழ்க்கட்டையின் புகை தீயைத் தாண்டித்தான் வெளியே போகமுடியும், அதனால் எரிந்துவிடுகிறது. பற்றவைக்கும்போது மட்டும் மேல், கீழ் இரண்டும் முழுக்கத் திறந்திருக்கும். கட்டைகள் நன்றாகப் பிடித்ததும், சுமார் கால் மணி நேரத்தில், கீழ் வட்டத்தை முழுவதுமாக மூடிவிடுவேன். அதன்பின் விறகுக்கு அது தேவையில்லை.

மேல் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். கால்வாசி நகர்த்தி, சில நிமிடம் பார்த்து, இன்னும் கொஞ்சம். எவ்வளவு என்பதற்குத் தீயைத்தான் கேட்கவேண்டும். சோம்பலாக, மஞ்சளாக, கட்டைக்கு மேலே மெல்ல ஆடிக்கொண்டிருந்தால் சரி. சடசடவென்று சிம்னிப் பக்கம் ஓடினால் காற்று அதிகம். சிவந்து, நுனி கறுத்து, புகை தெரிந்தால் குறைத்தது அதிகம், உடனே திறக்கவேண்டும். புகைக்குழாயில் காந்தத்தில் ஒட்டுகிற ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 120 முதல் 250 டிகிரி வரை நல்ல இடம் என்று அதில் குறித்திருக்கிறது. அதற்குக் கீழே தார் ஒட்டும், மேலே போனால் அடுப்புக்கே கேடு. மலிவான சாமான், வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லாத ஒன்று.

கட்டை சேர்க்கும் நேரம்தான் பலர் சொதப்புவது. தீ அடங்கித் தணலாகும்போது, முதலில் மேல் காற்றை முழுக்கத் திறந்து ஒரு நிமிடம் விடவேண்டும். கதவை விரற்கடை அளவு திறந்து சில நொடி பொறுக்கவேண்டும், அப்புறம்தான் முழுக்க. ஒன்று அல்லது இரண்டு கட்டை போதும். அவை பற்றும்வரை லிவரைத் தொடக்கூடாது. நான்கு கட்டை அடுக்கி மூடுவதைவிட, ஒரு கட்டையை நன்றாக எரிப்பதில் அறை சீக்கிரம் சூடாகிறது.

இதெல்லாம் விறகு காய்ந்திருந்தால்தான். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம். எந்த லிவரும் அதைக் காப்பாற்றாது. தோட்டத்தில் சாய்ந்த மரத்தை வெட்டி ஒரு கோடை முழுக்க வெயிலில் வைத்தோம். வெளிப்பக்கம் கருவாடாகக் காய்ந்திருந்தது. ஈரம் அளக்கும் கருவியை வெளியில் குத்தினால் 16 சதவீதம் காட்டியது. கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்தினால் 31. பிளந்து அளக்காத அளவு அளவே இல்லை. இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கிற விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மூட்டையில் 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்கும். சாதாரண வீட்டு நிலக்கரியை மூட்டையாக விற்பதும் அன்றோடு நின்றது, உதிரியாக விற்பது 2023 மே 1 முதல். அதனால்தான் கரி என்றால் இப்போது புகையில்லாக் கரி.

அந்த ஸ்க்ரூவுக்கும் சட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வந்தன. எங்கள் தெருவும் அப்படி ஒரு பகுதி. இங்கே விறகு எரிக்க, புகை குறைவாக விடுவதாகச் சோதித்து விலக்கு பெற்ற அடுப்பு வேண்டும். அப்படிப்பட்ட பல அடுப்புகளில் மேல் காற்றை முழுக்க மூடமுடியாதபடி ஒரு தடுப்பு வைத்துவிடுகிறார்கள். யாரோ தெரியாமல் போட்டதில்லை, தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள். சிம்னியிலிருந்து புகை விட்டால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். நாங்கள் ஒரு குளிர்காலம் தப்பித்தது அக்கம்பக்கத்தாரின் பெருந்தன்மை.

கரிக்கு வருவோம். விடாமல் குளிர்கிற நாட்களில் எனக்குக் கரிதான் பிடிக்கும், நின்று எரியும். முதலில் கம்பித்தட்டை ஆட்டிச் சாம்பலைச் சலித்துச் சுத்தம் செய்யவேண்டும். விறகுக்கு மெத்தையாக இருந்த சாம்பல் இங்கே மூக்கை அடைக்கிற துணி. சுள்ளித் தீ நன்றாகப் பிடித்தபின் ஒரு கரண்டிக் கரி, அது பற்றியபின் இன்னொன்று. கீழ் வட்டம் முழுக்கத் திறந்து, மேல் லிவர் கண்ணாடிக்குப் போதுமான அளவு. கரி பற்ற நேரம் எடுக்கும், அரை மணிக்கும் மேல் ஆகலாம்; பொறுமை இல்லாதவர்கள் சாம்பல் கதவையே திறந்துவைத்துவிட்டுப் போவார்கள். நானும் செய்திருக்கிறேன். உலைத் துருத்தி மாதிரி காற்று ஏறும். திரும்பி வந்தபோது உள்தகடு சிவந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கதவு திறந்திருக்கும்போது அடுப்பை விட்டு நகரக்கூடாது.

குவியல் அடிவரை சிவந்ததும் கீழ் வட்டத்தைக் கால்வாசிக்குக் குறைத்தால் மணிக்கணக்கில் நிற்கும். தணலுக்கு மேலே சின்னச் சின்ன நீல நாக்குகள் ஓடும், பார்க்க அழகு. அது எரிவது கார்பன் மோனாக்சைடு என்கிற மணமில்லாத விஷவாயு என்று தெரிந்தபின் அந்த அழகைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்.

காலையும் மாலையும் சலிக்கவேண்டும், ஆனால் ஆசைதீர ஆட்டக்கூடாது. சாம்பல் தட்டில் முதல் சிவப்புத் துணுக்கு விழுந்ததும் நிறுத்திவிடவேண்டும். தட்டு நிரம்பவும் விடக்கூடாது. கீழிருந்து ஏறுகிற காற்றுதான் கம்பித்தட்டைக் குளிர்விக்கிறது. சாம்பல் குவிந்து கம்பியைத் தொட்டால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். இரண்டாம் வருடம் சோம்பல்பட்டு மூன்று நாள் கொட்டாமல் விட்டேன். வார்ப்பிரும்புத் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. புதுசு வாங்கவேண்டியதாயிற்று.

விறகையும் கரியையும் ஒன்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். அடுப்பு இரண்டையும் எரிக்கும் வகை என்பதற்கு, இரண்டையும் ஒரே நேரத்தில் என்று அர்த்தமில்லை. எந்தக் காற்றைத் திறப்பது என்பதே குழப்பமாகிவிடும். தவிர, கரியிலிருக்கும் கந்தகமும் விறகின் ஈரமும் சேர்ந்து அமிலமாகி, சிம்னிக்குள் இறக்கியிருக்கும் உலோகக் குழாயை அரிக்கும். கரி பற்றவைக்கச் சுள்ளி, அவ்வளவுதான்.

ஒரு இரவை மட்டும் நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. பிப்ரவரி, காற்று அசையாத, ஈரம் நிறைந்த, அதிகக் குளிர் இல்லாத மாலை. அப்படிப்பட்ட நாளில் சிம்னி சரியாக இழுக்காது. கரிக் குவியலை வைத்து, கீழ் வட்டத்தை மயிரிழைக்குக் குறைத்திருந்தேன். சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்ததால் எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில். திடீரென்று கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. புகையில்லை, வாசனையில்லை, எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. பெண்ணுக்கு மட்டும் தலை வலிக்கிறது என்று சற்று முன்னால் சொல்லியிருந்தாள், பள்ளிக்கூடக் களைப்பு என்று நினைத்திருந்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். ஃபேன் வீட்டுக் காற்றை உறிஞ்ச, அதை ஈடுகட்ட வெளிக்காற்று சிம்னி வழியாக இறங்கி, அடுப்பின் வாயுவையும் அறைக்குள் தள்ளியிருக்கிறது. போதாததற்கு அடுப்பின் உச்சியில் படுத்திருக்கும் தடுப்புத் தகட்டின்மேல் புகைக்கரி மலை போலக் குவிந்திருந்தது. சிம்னிக்காரர் வந்து பார்க்கும்வரை அடுப்பைத் தொடவில்லை. அந்தத் தகட்டை இப்போது மாதம் ஒருமுறை இறக்கித் தட்டுகிறேன். அலாரம் அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் இருக்கவேண்டும். பேட்டரியைச் சோதிக்கும் பொத்தானை வாரம் ஒருமுறை அழுத்துவது எங்கள் பெண்ணின் வேலை, மறக்கமாட்டாள்.

லிவரை எப்படி நகர்த்தினாலும் தீ அடங்கவில்லை என்றால் கதவுக் கயிற்றைப் பாருங்கள். கதவைச் சுற்றி ஓட்டியிருக்கிற அந்தத் தீக்கயிறு நைந்துபோனால், நாம் மூடினாலும் காற்று இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாக வரும். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தால் போதும். சுலபமாக வந்தால் கயிறு மாற்றும் நேரம். சிம்னியைக் கரிக்கு வருடம் ஒருமுறையாவது, விறகு அதிகம் எரித்தால் எரிக்கிற பருவத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கிறார் எங்கள் ஆள். கடைசியாக வந்தபோது விழுந்தது பொசபொசவென்று காய்ந்த கரித்தூள், ஒரு சின்ன வாளிகூட நிறையவில்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அவருக்குச் சிரிப்பு.

சாம்பலை மூடிபோட்ட இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, கல்தரைமேல் வைக்கிறேன். செத்த மாதிரி இருக்கிற தணல் அடுத்த நாளும் உயிரோடிருக்கும். விறகுச் சாம்பல் ரோஜாச் செடிகளுக்கு, கரிச் சாம்பல் குப்பைக்கு.

படுக்கப் போகும்முன் என் வீட்டுக்காரரின் கை இன்றும் தன்னால் அடுப்புப் பக்கம் போகும். ஆனால் தொடுமுன் என்னைப் பார்ப்பார். "இன்னைக்கு என்ன, கரியா?"

"கரிதான். கீழே மட்டும் கொஞ்சம் குறைங்க."

விறகு எரித்த நாளென்றால், "எதையும் தொடாதீங்க, அதுவா எரிஞ்சு அணையட்டும்."